வலியின் இடமும் வேளையும்

விலாவெலும்புகள் வந்து முடியும் விளிம்பில், நெஞ்சுக்குழியிலோ அதற்கு வலப்புறம் இடப்புறமாகவோ ஒரு வலி எழுந்துவிட்டால், அதைப் பற்றிய விசாரணை தொடங்குமுன்பே நம் வீடுகளில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. 'வாயு பிடித்துக்கொண்டது' என்பார் வீட்டுப் பெரியவர். 'கேஸ் டிரபிள்' என்பான் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. ஓமத் தண்ணீரோ, பெருங்காயமிட்ட மோரோ, பெட்டிக்கடைச் சோடாவோ உடனே வந்து சேரும். ஓர் ஏப்பம் வரும். வலியும் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தக் கைவைத்தியத்தை இகழ்வதற்கில்லை. அஜீரணத்தால் வரும் சாதாரண உபாதை அதற்குக் கட்டுப்படுவது பலரும் அனுபவத்தில் கண்டதே. ஆயினும், கட்டுப்படாத வலியும் உண்டு. கட்டுப்பட்டதாகப் போக்குக் காட்டி, நாலு நாள் கழித்து அதே வேளையில் திரும்பி வருகிற வலியும் உண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆகாரத்தோடு அதற்கு என்ன சம்பந்தம் என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவர்களுக்கே அவ்வலி தன் உண்மையான பூர்வோத்தரத்தைச் சொல்லும்.

மார்புக்கூட்டினுள் இருப்பவை இருதயமும் நுரையீரலுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் தேகத்தில் உள்ள 12 ஜோடி விலாவெலும்புகளில் மேலே உள்ள 7 ஜோடிகள் நேரே மார்பெலும்பைச் சென்று சேர்கின்றன; அடுத்த மூன்று ஜோடிகள் தமக்கு மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன; கடைசி இரண்டு ஜோடிகள் முன்புறம் எதனையும் தொடாமல் தசைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கின்ற உதரவிதானம் என்னும் தசையோ மட்டமாக விரிக்கப்பட்டதன்று. அது மேல்நோக்கி வளைந்து எழுந்து, நாம் மூச்சை வெளியே விடும்போது ஏறக்குறைய ஐந்தாம் விலாவின் மட்டம்வரை ஏறிவிடுகிறது. ஆகவே வயிற்றுக்குரிய அவயவங்களில் முக்கியமானவை பலவும் விலாக்களின் காவலுக்குள்ளேயே வாசம் செய்கின்றன. வலப்புறத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், அதன் அடியில், 30 முதல் 50 மில்லி லிட்டர் பித்தநீரைச் சேமித்துவைக்கும் பித்தப்பை, நடுவிலிருந்து இடப்புறமாகப் பரந்த இரைப்பை, அதன் கடைவாயிலிலிருந்து வலப்பக்கம் வளைந்து செல்லும் முன்சிறுகுடல், இவற்றுக்கெல்லாம் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் கணையம், இடக்கோடியில் மண்ணீரல், இரு புறமும் பெருங்குடலின் இரண்டு வளைவுகள், முதுகுப் பக்கத்தில் சிறுநீரகங்கள். இத்தனையும் இரண்டு கையகல இடத்துக்குள் நெருங்கியிருக்கையில், 'இங்கேதான் வலிக்கிறது' என்று ஒருவர் விரலை வைப்பதைக் கொண்டு மட்டும் குற்றவாளியைப் பிடித்துவிட முடியுமா?

காலில் முள் தைத்தால், கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுகிறோம். உள்ளுறுப்புகள் விஷயத்தில் மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உள்ளுறுப்பிலிருந்து வரும் நரம்பும், மேலே உள்ள ஏதோ ஒரு தோற்பரப்பிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து கூடுகின்றன. இரண்டு வீட்டாருக்கும் பொதுவான தபாற்பெட்டியில் கிடக்கும் ஒப்பமில்லாத கடிதத்தைப் போல, வந்த செய்தியை அனுப்பியவர் யார் என்று மூளை வழக்கத்தைக் கொண்டு ஊகிக்கிறது. அந்த ஊகம் பல வேளைகளில் பொய்த்தும் போகிறது. உதரவிதானத்துக்குரிய நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படுகிறது; தோள்பட்டையின் தோலுக்கு உணர்ச்சி தருவனவும் ஏறக்குறைய அவையே. ஆதலால் கல்லீரலை ஒட்டி உதரவிதானத்தின் அடியில் ஏற்படும் அழற்சி வலது தோளில் வலியாகத் தோன்றி, நோயாளியைத் தைலம் தேய்த்துக்கொள்ளச் செய்வதுண்டு. கல்லீரலின் உட்பகுதிக்கோ வலி உணரும் சக்தியே மிகக் குறைவு; அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை, வீக்கத்தால் இழுபடும்போதுதான் வலப்புற விலாவின் கீழ் மந்தமான ஒரு பாரம் தெரியவருகிறது.

ஜீரணத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு எவ்வளவு விசித்திரமானது என்பதை உலகுக்குக் காட்டியது, விலாவின் கீழ் நேர்ந்த ஒரு விபத்து. வட அமெரிக்காவில் ஹியூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் கூடுமிடத்துக்கு அருகே மாக்கினாக் என்று ஒரு தீவு இருக்கிறது. 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, அங்கிருந்த தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. அருகில் நின்ற அலெக்ஸி சென்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக் கனடிய இளைஞனின் இடது மார்புக்குக் கீழே விலாக்கள் முறிந்து, இரைப்பையில் துவாரம் விழுந்தது. பிழைக்கமாட்டான் என்று எல்லாரும் கைவிட்ட அவனை, ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் ஆறியபோது, இரைப்பையின் துவாரம் விலாப்புறத்துத் தோலோடு ஒட்டிக்கொண்டு, மூடாத ஒரு வாயிலாக நிலைத்துவிட்டது. அதன் வழியே வைத்தியர் ஜீரணத்தை நேரில் பார்க்கத் தொடங்கினார். 1825 ஆகஸ்டு முதல் தேதி நண்பகலில், மசாலையிட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோசு முதலியவற்றைத் துண்டு துண்டாகப் பட்டு நூலில் கட்டி, துவாரத்தின் வழியாக இரைப்பைக்குள் தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் வெளியே இழுத்து எது கரைந்தது, எது கரையவில்லை என்று குறித்துக்கொண்டார். முட்டைக்கோசும் ரொட்டியும் முதலில் குறைந்தன. சில மணி நேரத்தில் அந்த இளைஞனுக்கு வயிற்றில் சங்கடமும் தலைவலியும் கண்டுவிட்டன.

இத்தகைய பரிசோதனைகளைப் பல ஆண்டுகள் நடத்தி 1833-இல் போமான்ட் வெளியிட்ட நூலில், நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்துகிற செய்திகள் இரண்டு உள்ளன. கோபம் வந்தபோது இரைப்பையின் ஜீரண வேலை மாறுபட்டது என்பது ஒன்று. சில தினங்கள் தாராளமாக மது அருந்திய பின் இரைப்பையின் உட்சுவர் செந்திட்டுகளும் புண்ணுமாகக் கிடந்தும், உரியவனோ தனக்கு வலியே இல்லை, சுகமாக இருக்கிறேன் என்று சொன்னான் என்பது மற்றொன்று. புண் இருந்தும் வலி இல்லாதிருக்கலாம். புண் ஏதுமில்லாமலே வலி வாட்டலாம். வயிற்று நோயின் அடிப்படையான இந்த உண்மை, இன்றும் நோயாளிகளுக்கு நம்பமுடியாததாகவே இருக்கிறது.

நெஞ்சுக்குழியில் எழும் வலிகளில் காலக்கிரமத்தை மிக ஒழுங்காக அனுசரிப்பது முன்சிறுகுடற் புண்ணின் வலி. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வயிறு காலியாகும் சமயத்தில் அது எரிச்சலாகவோ கிள்ளுவதுபோலவோ தலைகாட்டும். நள்ளிரவு கடந்து ஒரு மணி, இரண்டு மணிக்குத் தூங்குகிறவரை எழுப்பும். எழுந்தவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பாலோ, டப்பாவில் கிடக்கும் இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டதும் அடங்கிவிடும். ஆகாரத்தால் அடங்குவதால் இதைப் 'பசி வலி' என்றே சொல்வார்கள். இதற்கு மாறாக, இரைப்பையிலேயே புண் இருந்தால் பலருக்குச் சாப்பிட்டவுடன் வலி கூடுகிறது. உண்ண அஞ்சி உண்ண அஞ்சி உடல் மெலிகிறார்கள். நம் சித்த வைத்தியர்கள் குன்மம் என்ற பெயரின்கீழ் எட்டு வகைகளைப் பிரித்துச் சொன்னதும், எரிச்சல், வாந்தி, பொருமல் என்று வலியோடு சேர்ந்து வரும் குறிகளைக் கவனித்துத்தான்.

இந்தப் புண் ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்கு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் அடங்கிய நெய்யூர் சாட்சி. 1922-இல் எவரெஸ்டுச் சிகரத்தில் ஏற வந்த ஆங்கிலேயக் கோஷ்டியில் ஒருவரான ஹோவர்ட் சாமர்வெல் என்ற சர்ஜன், மலையிலிருந்து இறங்கிய பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களைக் கவனிக்கப் போதிய வைத்தியர் இல்லாமையையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே ஊழியம் புரியத் தீர்மானித்தார். 1924-இல் மீண்டும் ஒரு முறை எவரெஸ்டுக்குப் போய்வந்ததைத் தவிர, அவர் வாழ்வின் சிறந்த பகுதி நெய்யூரிலும், பிற்பாடு வேலூரிலும் கழிந்தது. இரைப்பை அறுவையில் அவர் பெற்ற கீர்த்திக்குக் காரணம், வருஷந்தோறும் அவரிடம் வந்து குவிந்த முன்சிறுகுடற் புண்காரர்களே. புண்ணுள்ள இடத்தை ஆகாரம் தொடாதவாறு இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைத்துவிடுவதே அன்றைக்குக் கைகண்ட சிகிச்சை. நோயின் காரணத்தைக் குறித்தோ, ஆகாரத்தின் சத்துக்குறைவு என்றும், காரம் என்றும், மனக்கவலை என்றும் பலவிதமான அபிப்பிராயங்கள் வழங்கின.

விடை வந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து. ராபின் வாரன் என்பவர் 1979-இல் இரைப்பைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்று நம்பப்பட்ட இடத்தில் வளைந்த வடிவுள்ள நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார். அவரோடு சேர்ந்துகொண்ட இளம் வைத்தியர் பாரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்றும் ஒன்றும் முளைக்கவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால், இரண்டு நாளில் எறியப்பட்டுவிடும் தட்டுகள் மேலும் சில தினங்கள் வெப்பப் பெட்டியிலேயே கிடந்துவிட, அந்தத் தாமதத்தில் நுண்ணுயிர் வளர்ந்து நின்றது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று பெயர் வழங்கும் அக்கிருமியை நம்ப மறுத்தவர்களுக்கு விடையாக, 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, சில நாளில் குமட்டலும் வாந்தியும் கண்டு, தம் இரைப்பை அழற்சியையே அத்தாட்சியாக வைத்தார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. சாமர்வெல் கத்தியால் தீர்த்த நோயை இன்று இரண்டு வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. கிருமி இருப்பவர் எல்லாருக்கும் புண் வருவதில்லை. கிருமிக்கு அடுத்தபடி புண்ணை உண்டாக்குவது, மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி, வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் விழுங்கப்படும் வலி நிவாரண மாத்திரை. ஒரு வலியைத் தீர்க்கப் போய் இன்னொரு வலியை விலைக்கு வாங்குவதாக அது முடிகிறது.

வலப்புறத்தின் கதை வேறு. கொழுப்புள்ள ஆகாரம் முன்சிறுகுடலை அடைந்ததும், குடலின் சுவரிலிருந்து ஒரு சுரப்பு ரத்தத்தில் கலந்து பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. உள்ளே கல் இருந்து, அது வெளிவழியில் போய்ச் சிக்கிக்கொண்டால், சுருங்குகிற பை அதை நெட்டித் தள்ள முயலும் பிரயாசையே வலியாகிறது. கல்யாண விருந்தோ பிரியாணியோ சாப்பிட்ட இரவு, வலது விலாவின் கீழோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கி, வலது தோள்பட்டையின் பின்புறம்வரை ஓடி, அரை மணியிலிருந்து சில மணி நேரம் விடாமல் நின்று, பின்பு தானே விலகுவது இதன் சுபாவம். ஏப்பம் விட்டாலும் வெளிக்குப் போனாலும் குறையாது. புரண்டு படுத்தாலும் குறையாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், பித்தப்பையே அழற்சி கண்டுவிட்டது என்று பொருள். அப்போது வைத்தியர் வலது விலாவின் விளிம்புக்கடியில் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டு, 'மூச்சை நன்றாக இழுங்கள்' என்பார். மூச்சு உள்ளே போகப் போகக் கல்லீரலோடு பித்தப்பையும் கீழே இறங்கி விரலில் வந்து முட்ட, நோயாளியின் மூச்சு பாதியில் சட்டென்று நின்றுவிடும். மர்பி என்ற அமெரிக்க சர்ஜனின் பெயரால் வழங்கும் இச்சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டாலும் மனிதன் சுகமாக வாழலாம் என்பதை, பெர்லினில் 1882 ஜூலை 15-ஆம் தேதி முதன்முதலாக அதை அகற்றிக் காட்டிய கார்ல் லாங்கன்புக் நிரூபித்தார். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்து, ஒரு நாளும் வலி வந்ததில்லை என்றால், பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. வலப்புற வலியோடு குளிர்காய்ச்சலும் இருந்தால், அமீபாக் கிருமியால் கல்லீரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியது நம் நாட்டு வைத்தியரின் கடமைகளில் ஒன்று.

நடுமேல்வயிற்றில் எழுந்து முதுகுக்கு நேரே ஊடுருவி, மல்லாந்து படுத்தால் அதிகரித்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிகிற வலி கணையத்துக்குரியது. மதுவும், பித்தப்பையிலிருந்து நழுவி வந்த கல்லும் அதற்குப் பிரதான காரணங்கள். வாந்தியோடு வந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியதன்று. இடது விலாவின் கீழ் எழும் வலிக்கோ, பலருக்கு, காற்றே காரணம். பெருங்குடலின் இடது வளைவு வலது வளைவைவிட உயரத்தில், உதரவிதானத்தை ஒட்டி இருப்பதால், மலச்சிக்கலுள்ளவர்களுக்கு வாயு அங்கே போய்த் தங்கி, நெஞ்சையே அடைப்பதுபோல் செய்யும். வாயு பிரிந்ததும் வலி விலகுவதும், இடுப்பை இறுக்கிய உடையைத் தளர்த்தினால் சுகம் தெரிவதும் அதன் அடையாளங்கள்.

விலாவின் கீழ் எழுவதெல்லாம் வயிற்றின் வலி என்று கொள்வதும் பிழை. இருமினாலும், திரும்பினாலும், ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினாலும் மிகுகிற வலி, தசைக்கோ குருத்தெலும்புக்கோ உரியது. எட்டாவது முதல் பத்தாவது வரையுள்ள விலாக்களின் நுனி தன் பிடிப்பிலிருந்து நழுவி அடுத்த விலாவின் நரம்பை உரசுவதும் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிந்து, சில நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வலது விலாவின் கீழ் வலி கண்டால், குழந்தை உதைக்கிறது என்று இருந்துவிடாமல் அன்றே ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது இருதயம். அதன் அடிச்சுவர் உதரவிதானத்தின்மீதே அமர்ந்திருப்பதால், அப்பகுதிக்கு ரத்தம் தடைப்படும்போது நெஞ்சுக்குழியில் வலியும் குமட்டலும் ஏப்பமுமாக, அஜீரணத்தின் வேஷத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் இந்த ஏமாற்று அதிகம். மாடிப்படி ஏறும்போது வந்து, ஏறுவதை நிறுத்தினால் தணிகிற 'வாயு', வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் கை, தாடைக்குப் பரவுகிற 'வாயு', இவற்றுக்குச் சோடா வாங்கப் போகும் நேரத்தில் 108-க்குச் சொல்லி, ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வதே விவேகம்.

எல்லாச் சோதனையும் செய்து, எண்டோஸ்கோப்பியிலும் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் வலி தொடர்கிறவர்கள் ஏராளம். 'எல்லாம் மனப்பிரமை' என்று அவர்களை ஒதுக்குவது நியாயமன்று. இரைப்பை தளர்ந்து இடங்கொடுக்கவேண்டிய வேளையில் கொடுக்காததும், சாதாரண நிறைவையே வலியாக உணரும்படி அதன் நரம்புகள் கூர்மையடைந்துவிடுவதும் மெய்யான காரணங்களே. கவலையும் உறக்கமின்மையும் அவற்றைக் கூட்டுகின்றன. சிறிது சிறிதாக உண்பதும், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விடுவதும், புகையிலையையும் மதுவையும் நீக்குவதும், தன் வயிற்றுக்கு ஒவ்வாததைத் தானே அறிந்து விலக்குவதும் இவர்களுக்கு மருந்துக்கு நிகராக உதவும். ஆனால் தாரைப்போலக் கறுத்துக் குழைந்த மலம், ரத்த வாந்தி, கண்ணில் மஞ்சள் நிறம், விழுங்குவதில் தடை, காரணமின்றி இளைத்தல், கல்லாக இறுகிய வயிறு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் ஆகியவற்றில் எது கண்டாலும் பத்தியத்தை நம்பிக் காலம் கடத்தலாகாது.

வைத்தியரிடம் போகிறவர் ஒரு வாரமேனும் ஒரு நோட்டில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது: வலி வந்த மணி, அது நின்ற நேரம், அதற்கு முன் உண்டதும் விழுங்கிய மாத்திரைகளும், எதனால் கூடியது, எதனால் தணிந்தது என்பன. இரவு இரண்டு மணிக்கு வந்து பாலுக்கு அடங்கியது என்ற ஒரு வரியும், விருந்துக்குப் பின் நாலு மணி நேரம் நின்றது என்ற ஒரு வரியும் வெவ்வேறு அவயவங்களைச் சுட்டுகின்றன என்பதை மேலே கண்டோம். அந்த நோட்டைக் கொண்டுபோகிறவர், எந்தச் சோதனை முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை வைத்தியருக்கு எளிதாக்குவதோடு, வேண்டாத சோதனைகளின் செலவைத் தமக்கும் மிச்சப்படுத்திக்கொள்கிறார்.